மெக்கானிக் ஹென்றி ராய்ஸ்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

ரோல்ஸ் ராய்ஸ் என்ற பேரைக் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். சினிமாவில் பணக்காரரைக் காட்டணும்னா அந்தக் காரைத்தான் காட்டுவார்கள். மகாராஜாக்கள் வாங்கிய கார், கோடீஸ்வரர்கள் வாங்கும் கார். ஆனால் அந்தப் பேரில் பாதி, அதாவது ராய்ஸ், ஒரு ஏழை வீட்டுப் பையன் என்பதும், அவர் கார் செய்ய ஆரம்பித்ததே ஒரு பழைய காரைப் பிரித்துப் போட்டதால்தான் என்பதும் எனக்குப் போன வருஷம் வரை தெரியாது. நான் அதைத் தேடிப் போன கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. இருந்தாலும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பா கார் மெக்கானிக். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல். போன வருஷம் செமஸ்டர் லீவில் ஷெட்டுக்கு ஒரு பழைய அம்பாசிடர் வந்தது. புகை, ஆயில் குடி, இழுவை கிடையாது. எஞ்சினை இறக்கி முழு ஓவர்ஹால் செய்ய வேண்டும். போர் அடித்து, புது பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் வாங்கியாச்சு. ஃபிட்டிங் வேலையை அப்பா என்னிடம் விட்டார். டிப்ளமா படிக்கிற பையன் பார்த்துக்கொள்வான் என்று வண்டிக்காரரிடம் வேறு சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாளில் எல்லாவற்றையும் மாட்டி முடித்து செல்ஃப் அடித்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டர் வழியாக டப் டப்பென்று அடித்தது, ஒரு தடவை நெருப்பே வந்தது. சனிக்கிழமை வண்டியைக் கொடுக்க வேண்டும். அன்று வியாழன்.

அது எப்படி முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நூலகத்தில் எஞ்சின் சம்பந்தமான புத்தகங்களைப் புரட்டியபோதுதான் ராய்ஸ் கிடைத்தார்.

ஃப்ரெடரிக் ஹென்றி ராய்ஸ் பிறந்தது 1863 மார்ச் 27. இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்துக்குப் பக்கத்தில் ஆல்வால்டன் என்ற சின்ன கிராமம். அப்பா மாவு மில் நடத்தினார். ஐந்து பிள்ளைகளில் ஹென்றிதான் கடைசி. மில் தொழில் நொடித்துப் போய் குடும்பம் லண்டனுக்குப் போனது. ஹென்றிக்கு ஒன்பது வயதாகும்போது, 1872-ல், அப்பா ஏழைகள் விடுதியில் இறந்து போனார். அதற்கப்புறம் அந்தப் பையன் தெருவில் நியூஸ் பேப்பர் விற்றான், வீடு வீடாகத் தந்தி கொடுத்தான். முறையாகப் பள்ளிக்கூடம் போனதெல்லாம் ஓரிரு வருஷம்தான்.

பதினைந்து வயதில் ஒரு அத்தை கை கொடுத்தார். வருஷத்துக்கு இருபது பவுண்டு கட்டி, பீட்டர்பரோவில் இருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டார். அந்தக் காலத்தில் வேலை கற்றுக்கொள்ளவே பணம் கட்ட வேண்டும்! மூன்று வருஷம் கழிந்ததும் அத்தையிடம் பணம் தீர்ந்துவிட்டது. அப்ரண்டிஸ் முடியவில்லை, சர்டிபிகேட் இல்லை. பாதியில் விட்டவன் என்ற பேரோடு வேலை தேடி அலைந்தார். லீட்ஸ் நகரத்தில் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் வாரம் பதினோரு ஷில்லிங் சம்பளம். பிறகு லண்டனில் மின்விளக்குக் கம்பெனி. மாலை நேர வகுப்புக்குப் போய் கணக்கும் இங்கிலீஷும் படித்தார். மின்சாரம் அப்போதுதான் புதுசு. அதில் பழைய ஆள், பெரிய படிப்பாளி என்று யாரும் கிடையாது. அதனால் வழி கிடைத்தது.

1884-ல் மான்செஸ்டர் நகரத்தில் குக் தெருவில் எர்னஸ்ட் கிளேர்மான்ட் என்ற நண்பரோடு சேர்ந்து சொந்தப் பட்டறை போட்டார். ராய்ஸின் சேமிப்பு 20 பவுண்டு, கிளேர்மான்ட் கொண்டு வந்தது 50 பவுண்டு. அழைப்பு மணி, விளக்கு சாமான், அப்புறம் டைனமோ, அப்புறம் மின்சார கிரேன். பட்டறைக்கு மேலேயே ஒரு அறையில் இருவரும் தங்கி, எனாமல் சுடுகிற அடுப்பிலேயே சாப்பாட்டையும் சூடு பண்ணிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். நம்ம ஹாஸ்டல் பசங்க அயர்ன் பாக்ஸில் தோசை சுட்ட கதை ஞாபகம் வருகிறதா?

தொழில் நன்றாகத்தான் போனது. ஆனால் 1900-க்குப் பிறகு ஜெர்மனி, அமெரிக்கா சரக்கு மலிவாக வந்து இறங்கியது. விலையைக் குறைக்க மட்டமாகச் செய்யலாம் என்று மற்றவர்கள் சொல்ல, ராய்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பும் கெட்டது. அந்த நேரத்தில், 1902 வாக்கில், அவர் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். டெக்காவில் என்ற பிரெஞ்சு கம்பெனி வண்டி, இரண்டு சிலிண்டர். ரயிலில் வந்து இறங்கிய அந்த வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல், ஆட்களை வைத்துத் தள்ளிக்கொண்டுதான் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை உண்டு.

இங்கேதான் ராய்ஸ் நம்ம ஆள் ஆகிறார். வண்டியைத் திட்டி விற்றுவிடாமல் முழுதாகப் பிரித்தார். எது சூடாகிறது, எது அதிருது, எங்கே சத்தம், எங்கே ஸ்பார்க் தவறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினார். உண்மையில் டெக்காவில் அந்தக் காலத்துக்கு நல்ல வண்டிதான். ஆனால் அந்தக் காலத்துக்கு நல்லது என்பது அவருக்குப் போதவில்லை. திருத்திக்கொண்டே போனவர், கடைசியில் இதற்குச் சொந்தமாகவே ஒன்று செய்துவிடலாம் என்று முடிவு பண்ணினார். பிளாட்ஃபோர்ட், ஹால்டன்பி என்று இரண்டு அப்ரண்டிஸ் பையன்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பட்டறையின் ஒரு மூலையில் மூன்று கார் செய்தார். வயதில் அந்தப் பையன்களும் ஏறக்குறைய நம்மைப் போலத்தான்.

அவர் எதையும் புதுசாகக் கண்டுபிடிக்கவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. அது சரிதான். இரண்டு சிலிண்டர், 95 மில்லிமீட்டர் போர், 127 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், சுமார் 1800 சி.சி. பேப்பரில் பார்த்தால் டெக்காவில் மாதிரியேதான் இருக்கும். வித்தியாசம் ஃபிட்டிங்கில். மின்சாரக்காரர் ஆனதால் இக்னிஷனில் அவர் கை நன்றாக ஓடியது. அந்தக் காலத்து வண்டிகள் நடுவழியில் நின்றதற்குப் பாதிக் காரணம் ஸ்பார்க்தான். கார்புரேட்டரைத் தானே வடிவமைத்தார், சைலன்சரைப் பெரிதாக வைத்தார். சேஸிஸில் போல்ட் போடும் இடத்தில் சாதாரண போல்ட் போட்டு இறுக்காமல், ஓட்டையைக் கையால் ரீமர் போட்டுச் சரிவாக்கி, அதற்குப் பொருத்தமான டேப்பர் போல்ட் போடுவது ராய்ஸ் வழக்கம். சாதாரண போல்ட் ஓட்டைக்குள் கொஞ்சம் ஆடும், ஆட ஆட ஓட்டை பெரிதாகும், அப்புறம் சத்தம். டேப்பர் போல்ட்டுக்கு ஆட இடமே இல்லை. நம்ம ஃபிட்டிங் ஷாப்பில் ரீமர் பிடித்தவர்களுக்கு இதில் எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியும்.

1904 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம்! அன்றுதான் முதல் ராய்ஸ் கார் பட்டறையை விட்டு வெளியே வந்தது. ராய்ஸ் தானே ஓட்டிக்கொண்டு 15 மைல் தள்ளி நட்ஸ்ஃபோர்டில் இருந்த வீட்டுக்குப் போனார்.

எல்லாம் முதல் நாளே சரியாகிவிடவில்லை. இரண்டாவது கார் பார்ட்னர் கிளேர்மான்ட்டுக்குப் போனது. அது அடிக்கடி நின்றுவிடும் என்பதால், அவர் வெளியே போகும்போது பின்னாலேயே ஒரு குதிரை வண்டியை வரச் சொல்வாராம். இதைப் படித்தபோது எனக்கு மனசு லேசானது. ராய்ஸ் கையால் செய்த எஞ்சினே ஆரம்பத்தில் நின்றிருக்கிறது!

மூன்றாவது காரால்தான் கதை மாறியது. அது ஹென்றி எட்மண்ட்ஸ் என்பவரிடம் போனது. அவர் லண்டனில் கார் விற்கும் சார்லஸ் ரோல்ஸ் என்பவரைத் தெரிந்தவர். ரோல்ஸ் பிரபு வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்தவர். 1904 மே 4 அன்று மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள். இரண்டு சிலிண்டர் வண்டி என்றாலே அதிரும் என்று ரோல்ஸுக்குப் பிடிக்காது. ஆனால் இந்த வண்டியில் உட்கார்ந்து பார்த்தவர், ராய்ஸ் செய்வதையெல்லாம் தானே விற்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். 1906 மார்ச்சில் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி பதிவானது. படித்த பணக்காரர் பேர் முன்னால், படிக்காத மெக்கானிக் பேர் பின்னால். ஆனால் பானட்டுக்குள்ளே இருந்தது முழுக்கப் பின்னால் இருந்தவர் வேலை. (ரோல்ஸையும் குறைத்துச் சொல்லக்கூடாது. அவர் இல்லையென்றால் அந்த வண்டி மான்செஸ்டரைத் தாண்டியிருக்காது. பாவம், 1910-ல் விமான விபத்தில் 32 வயதில் இறந்துபோனார்.)

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கணும். இது தியரி எக்ஸாமுக்கும் உதவும்.

1905-ல் ராய்ஸ் ஆறு சிலிண்டர் வண்டி ஒன்று செய்தார், 30 குதிரை சக்தி. சிலிண்டர்களை இரண்டிரண்டாக மூன்று பிளாக்காக வைத்து நீளமாகக் கட்டிய எஞ்சின். அதில் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. ஒன்று உடைந்தால் வார்ப்புக் கோளாறு என்று சொல்லலாம். திரும்பத் திரும்ப உடைந்தால்? சாதாரணமாக நமக்குத் தோன்றுவது இரும்பு போதவில்லை, இன்னும் கெட்டியாகப் போடு என்பதுதான். உண்மையான கோளாறு வேறு. ஒவ்வொரு சிலிண்டர் அடிக்கும்போதும் நீளமான ஷாஃப்ட் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி கொஞ்சம் முறுகி, மறுபடி விரியும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சிலிண்டர் அடிக்கும் தாளமும், ஷாஃப்ட் முறுகி விரியும் தாளமும் ஒன்றாகிவிடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் மேலே மேலே போகிற மாதிரி முறுக்கு ஏறிக்கொண்டே போய் கடைசியில் உடைகிறது. இதைத்தான் டார்ஷனல் வைப்ரேஷன் என்று நாம் படிக்கிறோம். ராய்ஸ் இதைப் பிடித்தார். ஷாஃப்டின் முன் முனையில், உராய்ந்து அதிர்வைத் தின்கிற ஒரு டேம்பரைப் பொருத்தினார். அடுத்த எஞ்சினில் மூன்று மூன்று சிலிண்டராக இரண்டு பிளாக் வைத்து, ஏழு மெயின் பேரிங் கொடுத்து, பிரஷரில் ஆயில் அனுப்பினார். லாஞ்செஸ்டர் என்ற இன்னொரு எஞ்சினியரும் இதே டேம்பருக்கு உரிமை கொண்டாடினார், அது தனிக் கதை.

அந்த அடுத்த எஞ்சின்தான் 40/50. 7036 சி.சி. அதைப் போட்ட ஒரு வண்டிக்கு வெள்ளி நிறம் அடித்து சில்வர் கோஸ்ட் என்று பேர் வைத்தார்கள். 1907-ல் ஆட்டோமொபைல் கிளப் ஆட்கள் கூடவே இருந்து கவனிக்க, 15,000 மைல் ஓட்டச் சோதனை நடந்தது. கிட்டத்தட்ட 24,000 கிலோமீட்டர். 629-ஆவது மைலில் வண்டி நின்றுவிட்டது. என்ன கோளாறு தெரியுமா? பெட்ரோல் குழாய்த் திருகு அதிர்வில் தானே மூடிக்கொண்டது. அவ்வளவுதான். திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மீதி 14,371 மைலும் கோளாறால் ஒரு தடவைகூட நிற்கவில்லை. முடிந்ததும் வண்டியைப் பிரித்து அளந்து, தேய்ந்ததை மாற்றிப் புதுசாக்க என்ன செலவு என்று கணக்குப் போட்டார்கள். இரண்டு பவுண்டு, இரண்டு ஷில்லிங், ஏழு பென்ஸ்.

ராய்ஸ் ஒரு நல்ல முதலாளியா, நல்ல குடும்பஸ்தரா என்று கேட்டால் சொல்வது கஷ்டம். நேரத்துக்குச் சாப்பிட மாட்டார், வேலையை விட்டு நகர மாட்டார். அதன் விலையை உடம்பு கொடுத்தது. 1911-ல் படுத்துவிட்டார், 1912-ல் பெரிய ஆபரேஷன். சில மாதங்கள்தான் என்று டாக்டர்கள் நினைத்தார்கள். அவர் இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்! ஆனால் 1908-ல் திறந்த டெர்பி ஃபேக்டரிக்கு அதற்கப்புறம் அவர் வருவதே அரிதாகிவிட்டது. குளிர்காலத்தில் தெற்கு பிரான்சில், மற்ற நேரம் இங்கிலாந்துக் கடற்கரையில் வெஸ்ட் விட்டரிங் கிராமத்தில். வீட்டிலேயே டிராயிங் ஆட்களை வைத்துக்கொண்டு வரைந்து அனுப்புவார். அவர்கள் செய்த பார்ட்டும் ரிப்போர்ட்டும் அங்கே வரும்.

படுத்த இடத்திலிருந்துதான் ஏரோப்பிளேன் எஞ்சினும் வந்தது. முதல் உலகப் போரில், 1915-ல், ஈகிள் என்ற 12 சிலிண்டர் எஞ்சின். 1919-ல் அட்லாண்டிக் கடலை எங்கும் நிற்காமல் முதன்முதலில் விமானத்தில் தாண்டிய ஆல்காக், பிரவுன் இருவருடைய விமானத்தில் இருந்தது இரண்டு ஈகிள் எஞ்சின்கள்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் 1929. ஷ்னைடர் கோப்பை என்ற கடல் விமானப் பந்தயத்துக்கு ஆர் என்று பேர் வைத்த ஒரு எஞ்சின். அதை ராய்ஸ் கைத்தடியால் கடற்கரை மணலில் வரைந்து காட்டினார் என்பார்கள். டெஸ்ட் பெஞ்சில் முழு வேகத்தில் ஓட்டுவது, ஏதாவது உடையும் வரை ஓட்டுவது, உடைந்ததைப் பலமாக்கி மறுபடி ஓட்டுவது. இப்படியே 1900 குதிரை சக்தி வரை கொண்டுவந்தார்கள்.

பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் ஒரு மெக்கானிக் பிளக் மாற்றும்போது ஒரு பிளக் முனையில் துளியூண்டு வெள்ளை உலோகம் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். வேறு யாராவது என்றால் துணியால் துடைத்துவிட்டு மாட்டியிருப்பார்கள். ஆனால் பிளக்கில் உலோகம் என்றால் உள்ளே பிஸ்டன் கரைகிறது என்று அர்த்தம். விதிப்படி எஞ்சினை மாற்றக்கூடாது, பார்ட்டை மாற்றலாம். ஒரு பக்கத்து சிலிண்டர் பிளாக்கையே கழற்ற வேண்டும். ராத்திரியில் ஆளுக்கு எங்கே போவது? நல்லவேளை, டெர்பி ஃபேக்டரி ஃபிட்டர்கள் பந்தயம் பார்க்க பஸ்ஸில் வந்து அங்கே ஹோட்டல்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தட்டி எழுப்பி, விடிய விடிய வேலை. மறுநாள், செப்டம்பர் 7, அந்த விமானமே ஜெயித்தது. சராசரி வேகம் மணிக்கு சுமார் 529 கிலோமீட்டர். 1931-ல் அதே எஞ்சினை 2350 குதிரை சக்திக்கு ஏற்றி, கோப்பையை நிரந்தரமாகவே வாங்கினார்கள். அந்த மாதக் கடைசியில் மணிக்கு 650 கிலோமீட்டரைத் தாண்டி உலகச் சாதனை. பேப்பரில் பைலட் பேர் வந்தது. பிளக்கைக் கவனித்த மெக்கானிக் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்?

1930-ல் ராய்ஸுக்கு பாரனெட் பட்டம், சர் ஹென்றி. ஆனால் கையெழுத்துப் போட்டால் பேருக்குப் பக்கத்தில் மெக்கானிக் என்று எழுதுவது அவர் வழக்கமாக இருந்தது. 1933 ஏப்ரல் 22 அன்று வெஸ்ட் விட்டரிங்கில் காலமானார். அவர் காலத்தில் தொடங்கிய 27 லிட்டர் புது எஞ்சின் அந்த அக்டோபரில்தான் முதன்முதலாக ஓடியது. அதுதான் பிறகு மெர்லின் என்ற பேரில் இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் பறந்தது. ராய்ஸின் சாம்பல் இன்று இருப்பது ஆல்வால்டன் சர்ச்சில், பிறந்த கிராமத்திலேயே.

சரி, அம்பாசிடர். வியாழன் முழுக்க கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றினேன். நெருப்பு அங்கேதானே வருகிறது, கோளாறும் அங்கேதான் என்று என் கணக்கு. வெள்ளி காலையில் அப்பா வந்தார். கார்புரேட்டர் பக்கமே போகவில்லை. ஒன்றாம் நம்பர் பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, என்னைக் கிராங்க்கைச் சுற்றச் சொன்னார். புள்ளி மார்க் நேராக வந்தது, ஆனால் விரலைக் காற்று தள்ளவே இல்லை. இன்னொரு முழு சுற்று. இப்போது விரலைத் தூக்கியடித்தது. நான் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் டி.டி.சி.யை கம்ப்ரஷன் டி.டி.சி. என்று நினைத்து டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவை மாட்டியிருக்கிறேன். நேர் எதிராக, 180 டிகிரி. இதே கேள்விக்கு நான் செமஸ்டரில் படம் போட்டு முழு மார்க் வாங்கியவன்! டிரைவை எடுத்துத் திருப்பி மாட்டினோம். அரை செல்ஃபில் ஸ்டார்ட். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. வண்டிக்காரரிடமும் பையன்தான் ஃபிட் பண்ணினான் என்றே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தக் கட்டுரைக்காக வீட்டில் உட்கார்ந்து குறிப்பெடுத்தபோது, யாரைப் பற்றி என்று அப்பா கேட்டார். சொன்னேன். அவர் எதுவரைக்கும் படித்தார் என்று கேட்டார். ஓரிரு வருஷம் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், அந்த அம்பாசிடர் மறுபடி வந்திருக்கிறது, நாலாவது சிலிண்டரில் டேப்பட் சத்தம் கேட்கிறது, ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து செட் பண்ணு என்று ஃபீலர் கேஜை எடுத்து என் நோட்டு மேல் வைத்துவிட்டுப் போனார்.